அந்தப் பையன் கையில இருக்கிற பெட்டி

எனக்கு அந்தப் பையனைக் கண்டாலே பத்திக்கிட்டு வரும். அரை டிராயர், மேல கோட்டு, கழுத்துல டை. பத்து வயசுதான் இருக்கும், கார் ஓட்டிக்கிட்டுப் போறான். லைசென்ஸ் எங்கேடான்னு ஒரு போலீஸ்காரனும் கேக்கறதில்லை. கேக்கறது என்ன, போலீஸ் பெரியவரே மூச்சு வாங்க அவன் பின்னாடி ஓடுறாரு. அவன் கையில ஒரு சின்னப் பெட்டி இருக்கும். ரெண்டு லீவர், ஒரு ஏரியல், அவ்வளவுதான். அதை அவன் அசைச்சா, மாடி வீட்டு உசரத்துக்கு ஒரு இரும்பு ரோபோ எழுந்து நிக்கும், பறக்கும், எதிர்ல வர்ற ரோபோவைத் தூக்கி அடிக்கும். எங்க அம்மா பிறக்கறதுக்கு முன்னாடியே ஜப்பான்ல வந்த படக்கதை இது. அப்புறம் டிவியில கார்ட்டூனா எடுத்தாங்க, கலர்ல எடுத்தாங்க, மறுபடியும் எடுத்தாங்க, ஆளுங்களை நடிக்க வச்சு சினிமாவாவும் எடுத்துட்டாங்க. எத்தனை தடவை எடுத்து என்ன? பெட்டி மட்டும் அவன் கையிலதான்.

"ஏன்டி, பொம்மைப் படத்துக்குப் போய் இப்படிக் கொதிக்கறே?" அப்படின்னு என் வீட்டுக்காரர் சிரிப்பாரு. அவருக்கு பாகலூர் பக்கம் ரோஜாப் பண்ணையில சூப்பர்வைசர் வேலை. பசுமைக்குடிலுக்குள்ள ரோஜாவோட ரோஜாவா நாள் பூரா இருந்துட்டு வர்ற மனுஷனுக்குக் கோவம் எங்கேயிருந்து வரும்? எனக்கு வரும். நான் ஓசூர்ல ஒரு கம்பெனியில வெல்டிங் லைன்ல இருக்கேன். கார் சீட்டுக்கு அடியில வர்ற இரும்புச் சட்டம் செய்யற இடம். துண்டுகளை எடுத்து அச்சுல மாட்டணும், வெளியே வந்து ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை ஒண்ணா அழுத்தணும், ரோபோ வெல்டிங் பண்ணும். முடிஞ்சதும் கழட்டணும், மறுபடி மாட்டணும். விருதுநகர் பக்கத்துலேர்ந்து கல்யாணமாகி இந்தக் குளிருக்கு வந்ததுலேர்ந்து இதான் என் பொழப்பு.

ஜப்பான் படக்கதை எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. எங்க கம்பெனிக்கு ஜப்பான்காரங்களோட கூட்டு உண்டு. அதனால சனிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சதும் இஷ்டப்பட்டவங்களுக்கு ஜப்பான் பாஷை கிளாஸ் வச்சாங்க, இலவசம். பெங்களூர்லேர்ந்து ஒரு டீச்சர் வருவாங்க, கன்னடக்காரப் பொண்ணு. அவங்களை சென்சேன்னு கூப்பிடணும். முதல் நாள் ரூம் நிரம்பி வழிஞ்சது. மழைக்காலம் முடியறதுக்குள்ள என்னையும் சேர்த்துக் கையளவு ஆளுங்கதான் மிச்சம். எங்களை ஓட விடாம இழுத்துப் பிடிக்கத்தான் அவங்க அந்தப் படக்கதையைக் கொண்டு வந்தாங்க. சின்னப் பசங்களுக்கான புத்தகம், அதனால கஷ்டமான எழுத்துக்குப் பக்கத்துலயே எப்படிப் படிக்கணும்னு பொடி எழுத்துல போட்டிருக்கும். கடைசிப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு வலமிருந்து இடமாப் படிக்கணும். முதல் ரெண்டு வாரம் நான் எல்லாப் படத்தையும் தலைகீழ் வரிசையில பார்த்துட்டு, ரோபோ முதல்ல உடைஞ்சு அப்புறம் எதுக்குச் சண்டைக்குப் போகுதுன்னு குழம்பிக்கிட்டு இருந்தேன்.

புரிய ஆரம்பிச்சதும் விட முடியலை. சண்டைக்காகப் பட்டாளத்துக்காரங்க செஞ்ச ரோபோ அது. செஞ்சு முடிக்கறதுக்குள்ள சண்டையே முடிஞ்சு போச்சு. அதுக்குப் புத்தி கிடையாது, நல்லது கெட்டது தெரியாது. பெட்டி யார் கையில இருக்கோ அவங்க சொன்னதைச் செய்யும். திருடன் கையில கிடைச்சா ஊரை இடிக்கும், பையன் கையில கிடைச்சா ஊரைக் காப்பாத்தும். நான் அன்னைக்கு சென்சேகிட்ட, "மேடம், எங்க லைன்ல இருக்கறதும் இதே ஜாதிதான்"னு சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. நான் விளையாட்டுக்குச் சொல்லலை.

எங்க ரோபோவுக்கும் ஒரு பெட்டி உண்டு. பெண்டன்ட்டுன்னு சொல்லுவோம். ரெண்டு கையாலயும் பிடிக்கற பலகை மாதிரி இருக்கும், நடுவுல ஸ்கிரீன், ஓரத்துல வட்டமா ஒரு சிவப்பு பட்டன். அதை அழுத்தினா எல்லாம் நின்னுடும், திருகினாத்தான் மேல எழும்பும். பின்பக்கம் விரலுக்கு அடியில ஒரு சுவிட்ச் இருக்கும். அதை மெதுவா, பாதி அழுத்தத்துல பிடிச்சுக்கிட்டு இருந்தாத்தான் ரோபோ அசையும். கையை விட்டாலும் நின்னுடும், பயந்து போய் இறுக்கிப் பிடிச்சாலும் நின்னுடும். அந்தப் பாதி அழுத்தம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும், அந்தப் பெட்டியை வச்சு ரோபோவுக்கு வேலை சொல்லிக் குடுக்கணும், அவ்வளவுதான் எனக்கு ஆசை. அது கைவந்தா டெக்னீசியன் கிரேடு, சட்டையில வேற கலர் பட்டை. ஆனா கிரேடைவிட எனக்கு அந்தப் பெட்டிதான் வேணும். வருஷக்கணக்கா ஒரு ரோபோ முன்னாடி நின்னு அதுக்குத் தீனி மட்டும் போட்டுக்கிட்டு இருந்தா யாருக்கும் அந்த ஆசை வரத்தான் செய்யும்.

மெயின்டனன்ஸ் சார்கிட்ட கேட்டேன். "பார்க்கலாம்மா"ன்னாரு. அடுத்த வருஷமும் கேட்டேன். "நைட் ஷிப்ட் வரணும்மா, வீட்டுல விடுவாங்களா?"ன்னாரு. விடுவாங்க சார்னேன். "ரிஸ்க்கும்மா"ன்னாரு. நேத்து டிப்ளமோ முடிச்சுட்டு வந்த பையன், ரோபோவுக்கு எந்தப் பக்கம் முகப்பு எந்தப் பக்கம் முதுகுன்னு தெரியாதவன், அவன் கழுத்துல பெண்டன்ட்டை மாட்டி விட்டாங்க. அவனுக்கு ரிஸ்க் இல்லையாம். அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுல நான் யாரைத் திட்டினேன்னு எனக்கே தெரியலை, அவனையா, சாரையா, படக்கதைப் பையனையா. வீட்டுக்காரர் சாப்பிட்டுட்டு எழுந்து போயிட்டாரு.

கோவத்தோட கோவமா, டிவியில சினிமாவுல எடுத்ததையெல்லாம் தேட ஆரம்பிச்சேன். கம்பெனி பஸ்ல போக வர ஃபோன்ல பார்ப்பேன், கீழ இங்கிலீஷ்ல எழுத்து ஓடும். ஆதியில டிவிக்காக ஆளுங்களை வச்சு எடுத்த ஒண்ணு கொஞ்சம் கிடைச்சது. ரோபோன்னு சொல்லித் தண்ணி டிரம்முக்குள்ள ஒருத்தனை இறக்கி விட்ட மாதிரி இருந்தது. பாவம் அந்த ஆளு, கையைத் தூக்கவே சிரமப்பட்டான். கறுப்பு வெள்ளை கார்ட்டூன் அழகா இருக்கும், கோடு போட்டுக் கோடு போட்டு வரைஞ்சிருப்பாங்க. கலர்ல வந்ததுல ரோபோ பளபளன்னு கல்யாண மாப்பிள்ளை கணக்கா இருக்கும். அதுக்கப்புறம் வந்தது ஒண்ணு ரொம்ப சோகம், சண்டையில செத்தவங்க, அழிஞ்ச ஊரு, இந்த ரோபோ பிறந்திருக்கவே கூடாதுன்னு எல்லாரும் பேசுவாங்க. அதைப் பார்த்து ஒரு நாள் பஸ்லயே அழுதுட்டேன். பக்கத்து சீட்ல இருந்த அக்கா மாமியார் சண்டையான்னு கேட்டாங்க.

கடைசியாத்தான் சினிமா பார்த்தேன், ஞாயித்துக்கிழமை மத்தியானம், வீட்டுக்காரரையும் பிடிச்சு உட்கார வச்சு. அதுல ஒரு பொண்ணு வருது. அமெரிக்காவுல படிச்ச கெட்டிக்காரி. ரோபோவைச் சரி பண்றதே அவதான். நான் சீட்டு நுனிக்கு வந்துட்டேன். "பார்த்தீங்களா, பார்த்தீங்களா, இப்ப பாருங்க"ன்னு அவரு தொடையில தட்டறேன். அவ்வளவும் பண்ணி முடிச்சுட்டு அந்த மகராசி தள்ளி நின்னுக்கறா. பெட்டி மறுபடி பையன் கையில. எனக்கு வந்த ஆத்திரத்துல ரிமோட்டைத் தூக்கி மெத்தையில அடிச்சேன். "விடுடி, அவன்தானே ஹீரோ"ன்னாரு இவரு. "அதான் கேக்கறேன், எவன் சொன்னான் அவன்தான் ஹீரோன்னு?" அவரு டீ போடப் போயிட்டாரு.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் சாரே என்னைக் கூப்பிட்டாரு. "ஏம்மா, பூஜை முடியட்டும். விஜயதசமி நல்ல நாள், அன்னைக்கு உனக்கு பெண்டன்ட் ஆரம்பிச்சுடலாம்"ன்னாரு. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கற நாள்ல என்னையும் சேர்க்கப் போறாங்கன்னு வீட்டுல குதிச்சேன். வீட்டுக்காரர் பண்ணையிலேர்ந்து ஒரு பக்கெட் நிறைய சிவப்பு ரோஜா வாங்கிட்டு வந்து குடுத்தாரு, ரோபோவுக்கு மாலை கட்ட.

பூஜைன்னா எங்க கம்பெனியில கல்யாண வீடுதான். லைனைக் கழுவி விட்டு, வாழை மரம் கட்டி, பொரி கடலை மூட்டை வந்து இறங்கிடும். அவங்கவங்க மிஷினை அவங்கவங்கதான் அலங்காரம் பண்ணணும். நானும் பாகலூர் அக்காவும் எங்க ரோபோவைத் துடைச்சு, கைக்கு ரோஜா மாலை போட்டு, அச்சுக்குப் பொட்டு வச்சோம். இந்த அக்கா எங்க லைன்ல எனக்கு எதிர்ல நிக்கறவங்க, வீட்டுல தெலுங்கு, தெருவுல கன்னடம், எங்கிட்ட தமிழ். சார் வந்தாரு, எங்க கையிலேர்ந்து சந்தனக் கிண்ணத்தை வாங்கினாரு. "இதுதாம்மா மூளை, இதுக்கு நான் வைக்கறேன்"ன்னு சொல்லி பெண்டன்ட்டைக் கையில எடுத்தாரு. ஸ்கிரீனுக்கு மேல விபூதிப் பட்டை. அப்புறம் அந்தச் சிவப்பு பட்டனைச் சுத்தி சந்தனத்தைக் கொழகொழன்னு அப்பி, நட்ட நடுவுல குங்குமம். பட்டன் வட்டமா இருந்ததுல அம்மன் நெத்தி மாதிரியே அமைஞ்சு போச்சு. யாருக்கும் ஒண்ணும் தோணலை, எனக்கும்தான். அழகா இருக்கு சார்னு சொல்லி ஃபோன்ல படம்கூட எடுத்தாங்க. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைச்சு, வழக்கப்படி அந்தச் சிவப்பு பட்டனை அழுத்தி ரோபோவை நிறுத்திட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனோம். கம்பெனியில பூஜையை ஒரு நாள் முன்னாடியே போட்டுடுவாங்க, ஆயுத பூஜை அன்னைக்கு லீவு.

விஜயதசமி காலையில நான் தலைக்குக் குளிச்சுட்டு, பூ வச்சுக்கிட்டு, ஒரு டப்பா மைசூர்பாகோட போய் நிக்கறேன். பட்டன் எழும்பலை. இடுக்குல இறங்கின சந்தனம் காய்ஞ்சு சிமென்ட் மாதிரி பிடிச்சுக்கிச்சு. சார் திருகினாரு, டிப்ளமோ பையன் திருகினான், ஈரத்துணி வச்சுப் பார்த்தாங்க, கடைசியில ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினதுல பட்டன் கையோட வந்துடுச்சு. ரோபோ கையில ரோஜா மாலையோட சும்மா நிக்குது. லைன் மொத்தமும் நின்னு போச்சு. வெளியே லாரி நிக்குது. புதுசு பெங்களூர்லேர்ந்து வரணும், அத்திப்பள்ளி டிராபிக்ல அது எப்ப வந்து சேரும்னு யாருக்கும் தெரியாது.

பிளான்ட்டுக்கே தலைவரான பெரிய சார் இறங்கி வந்தாரு. "யாருய்யா இதுல பொட்டு வச்சது?"ன்னு ஒரே கத்து. எங்க சார் கொஞ்சம் மென்னு முழுங்கினாரு. அப்புறம் சொன்னாரு, "லேடீஸ்தான் சார் பொட்டு வச்சாங்க."

எனக்குக் காதுல விழுந்தது நிஜமான்னு புரியவே ஒரு நிமிஷம் ஆச்சு. "சார், நீங்கதானே கிண்ணத்தை வாங்கி..."ன்னு நான் ஆரம்பிச்சேன். பெரிய சார் கையைக் காட்டினாரு. "யார் வச்சா என்னம்மா? இனிமே லேடீஸ் பெண்டன்ட்டைத் தொட வேண்டாம், முடிஞ்சது." நான் அக்காவைப் பார்த்தேன். அவங்க என் கையைப் பிடிச்சு அமுக்கி, "ஹோக்லி பிடு"ன்னாங்க. போகட்டும் விட்டுத் தள்ளுன்னு அர்த்தம். எதை விடறது? சாயங்காலத்துக்குள்ள ரோபோ பக்கத்துச் சுவத்துல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும்: பெண் ஊழியர்கள் பெண்டன்ட்டைத் தொடக் கூடாது. மைசூர்பாகைத் திறக்காம வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வந்தேன்.

அந்த வாரம் பூரா எனக்குள்ள ஓடினது ஒரே கேள்விதான். படக்கதையில அந்தப் பையன் எத்தனை தடவை பெட்டியைத் தொலைச்சிருக்கான்! திருடன் பிடுங்கிட்டுப் போவான், ஆத்துல விழும், ஏமாந்து போய் இவனே தூக்கிக் குடுப்பான். ஊர்ல பாதி இடிஞ்சு கிடக்கும். அடுத்த வாரம் பார்த்தா பெட்டி அவன் கைக்கு வந்திருக்கும். ஒரு தடவையாவது ஒருத்தராவது, இனிமே அரை டிராயர் போட்டவங்க பெட்டியைத் தொடக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டினாங்களா? அவன் ஊரையே இடிச்சுட்டு மறுபடி வரலாம். நான் சந்தனம் வைக்காததுக்கே வெளியே போகணும். சென்சேகிட்ட இதைச் சொல்லிப் பொரிஞ்சு தள்ளினேன். அவங்க, அந்த ரோபோவுக்கு ஜப்பான்ல ஒரு ஊர்ல ரயில் ஸ்டேஷன் பக்கத்துல நிஜ உசரத்துக்குச் சிலை வச்சிருக்காங்க, ஒரு நாள் போய்ப் பாருங்கன்னாங்க. என்னத்தைச் சொல்றதுன்னு தெரியாம எதையோ சொன்னாங்க, பாவம்.

மார்ச் மாசம் மகளிர் தினம் வந்தது. ஹெச்.ஆர். மேடம் கேமராக்காரரோட லைனுக்கு வந்தாங்க. ஜப்பான்லேர்ந்து ஆளுங்க வர்றாங்களாம், பொம்பளைங்க ரோபோ ஓட்டற மாதிரி ஒரு படம் சுவத்துல வேணுமாம். ஜப்பான் பாஷை தெரிஞ்சவள்னு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தாங்க. டிப்ளமோ பையன் கழுத்துலேர்ந்து பெண்டன்ட்டைக் கழட்டி என் கையில குடுத்தாங்க. நினைச்சதைவிடக் கனமா இருந்தது. பின்பக்கம் சுவிட்ச் விரலுக்கு அடியில தானா வந்து உட்கார்ந்தது. பாதி அழுத்தினேன். ஒரு சின்ன சத்தம் கேட்டது, அவ்வளவுதான். ரோபோவை மெயின்லயே ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க, சேஃப்டிக்காம். "மேடம், ரோபோவைப் பார்த்துச் சிரிங்க"ன்னாரு கேமராக்காரர். சிரிச்சேன். வாங்கிட்டுப் போயிட்டாங்க.

படம் பெரிசா வந்தது. நிஜமாவே நல்லாத்தான் இருந்தது, தலை நிமிர்ந்து, கண்ணுல ஒரு திமிரோட. கீழ ஏதோ பெண் சக்தின்னு போட்டிருந்தாங்க. அதைக் கொண்டு வந்து எங்க ஒட்டினாங்க தெரியுமா? ரோபோ பக்கத்துச் சுவத்துல, அந்த நோட்டீஸுக்கு ஒரு சாண் தள்ளி. ஒட்டினவன் படிக்கலை, பார்த்தவங்க யாரும் படிக்கலை. ஜப்பான்காரங்க வந்தாங்க, படத்தைக் காட்டினாங்க, குனிஞ்சு வணக்கம் சொன்னாங்க, போயிட்டாங்க. நான் மட்டும் தினமும் ஒவ்வொரு சட்டத்தை மாட்டும்போதும் ரெண்டையும் பார்க்கணும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு ஒரு நாள் சார்கிட்டயே போனேன். கோவப்படாம, தன்மையாத்தான் பேசினேன், அதுக்கு வீட்டுல ஒத்திகை பார்த்துட்டுப் போனேன். "சார், அங்க ஒரே சுவத்துல ரெண்டு பேப்பர் இருக்கு. ஒண்ணுல நான் பெண்டன்ட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். ஒண்ணுல நான் அதைத் தொடக் கூடாதுன்னு போட்டிருக்கு. வர்றவங்க படிச்சா நமக்குத்தானே சார் அசிங்கம்? ஏதாவது ஒண்ணை எடுத்துடுங்க."

சார் எழுந்து வந்து பார்த்தாரு. நிஜமாவே அன்னைக்குத்தான் முதல் தடவையாப் பார்க்கறாரு போல. "அட ஆமாம்மா! நல்ல வேளை சொன்னே. அடுத்த வாரம் ஆடிட் வேற வருது"ன்னாரு. ஜெயிச்சுட்டேன்னே நினைச்சேன். சாப்பாட்டு நேரத்துல அக்காகிட்ட, நோட்டீஸைக் கிழிக்கப் போறாங்க, அப்புறம் அவங்க எனக்கு எப்படிக் கத்துக் குடுக்காம இருக்க முடியும்னு ஒரே பேச்சு.

திரும்பி வந்தப்போ சார் எனக்காக லைன்ல நின்னுக்கிட்டு இருந்தாரு. நோட்டீஸ் இருந்த இடத்துல இருந்தது. படத்தைக் காணோம். அதைப் பக்குவமாச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கையில வச்சிருந்தாரு. "இந்தாம்மா, வீட்டுல மாட்டிக்க. ரொம்ப நல்லா வந்திருக்கு"ன்னு ரெண்டு கையாலயும் நீட்டினாரு.

வாங்கிக்கிட்டேன். வாங்கிக்கிட்டு, "தேங்க்ஸ் சார்"னு சொன்னேன். என் வாயிலேர்ந்துதான் வந்தது. இத்தனை கோவத்தையும் வச்சுக்கிட்டு அந்த நேரத்துல எனக்கு வந்த வார்த்தை அதுதான், இப்ப நினைச்சாலும் என்னை நானே அறைஞ்சுக்கலாம் போல இருக்கு.